முதல் தயாரிப்புக்கு டெக் ஸ்டாக் தேர்வு: பத்து வேலை நாளில் முடிக்க ஒரு வழிகாட்டி

எங்கள் முதல் தயாரிப்பு வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரப் பதினோரு மாதம் பிடித்தது. அதில் ஏறக்குறைய ஐந்து மாதம், வாடிக்கையாளர் கண்ணில் படவே படாத வேலைகளுக்குப் போனது. சர்வர்களை ஒன்றோடொன்று பேச வைத்தோம், தரவுத்தளத்தில் இல்லாத வசதிகளை நாங்களே எழுதினோம், மாதக் கடைசியில் வந்த பில்லுக்குக் காரணம் தேடினோம். பிறகு அதையே எளிய ஸ்டாக்கில் முதலிலிருந்து எழுதினோம். ஏழு வாரத்தில் முடிந்தது. இரண்டாம் முறை எதைக் கட்ட வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது, அதுவும் ஒரு காரணம். ஆனாலும் அந்த ஐந்து மாதத்தை யாரும் எங்களைப் போல இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் குழுவில் இரண்டு மூன்று பேர், நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ, கையில் ஓராண்டுக்கும் குறைவான பணம், காசு கட்டும் வாடிக்கையாளர் இன்னும் இல்லை என்றால் இது உங்களுக்கானது. ஸ்டாக் என்று நான் சொல்வதில் நிரல் மொழி, ஃபிரேம்வொர்க் (அந்த மொழியில் முன்பே கட்டி வைத்த சட்டகம்), தரவுத்தளம், சர்வர், வெளியிலிருந்து வாங்கும் சேவைகள் எல்லாம் அடக்கம். முடிவுகளைக் கீழே உள்ள வரிசையிலேயே எடுங்கள். நாங்கள் நான்காவதில் தொடங்கியதால்தான் சிக்கினோம்.

1. ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

எந்த மொழி, எந்த ஃபிரேம்வொர்க் என்று பேசத் தொடங்கும் முன் ஒரு தாளில் இவற்றுக்குப் பதில் எழுதிவிடுங்கள். யார் பயன்படுத்தப் போகிறார்கள், எந்தக் கருவியில்? முதல் பன்னிரண்டு மாதத்தில் எத்தனை பேர்? ஒரு மணி நேரத் தரவு அழிந்தால் வாடிக்கையாளருக்கு என்ன நட்டம்? பணப் பரிமாற்றம், குறுஞ்செய்தி, வரைபடம் என்று வெளிச்சேவை எதுவெல்லாம் இல்லாமல் தயாரிப்பு ஓடாது? கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும்?

இரண்டாவது கேள்வியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். லட்சக்கணக்கான பேர் வந்தால் தாங்குமா என்ற பயம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர், ஒவ்வொருவரும் நாளைக்கு 50 முறை சர்வரைத் தொடுகிறார்கள் என்றால் மொத்தம் 50,000 கோரிக்கை. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அதாவது விநாடிக்கு ஒன்றுகூட இல்லை. கூட்ட நேரத்தில் பத்து மடங்கு கூடினாலும் விநாடிக்கு ஆறு. சாதாரண ஒரு சிறிய சர்வர் இதை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். நாங்கள் இந்தக் கணக்கைப் போடவே இல்லை. போட்டிருந்தால் மூன்றாம் வாரத்தில் எடுத்த பெரிய முடிவுகளில் பாதி தேவைப்பட்டிருக்காது.

2. மொழியும் ஃபிரேம்வொர்க்கும்: கைப்பழக்கத்துக்கு முதலிடம்

இதில் நீண்ட யோசனை வேண்டாம். நிரல் எழுதப் போகிறவருக்கு எது தூக்கத்திலும் வருமோ அதை எடுங்கள். பைத்தான் தெரிந்தால் ஜாங்கோ, ரூபி தெரிந்தால் ரெயில்ஸ், பிஎச்பி தெரிந்தால் லாராவெல், ஜாவா என்றால் ஸ்பிரிங் பூட், சி ஷார்ப் என்றால் ஏஎஸ்பி டாட் நெட் கோர். உள்நுழைவு, படிவச் சரிபார்ப்பு, தரவுத்தள அமைப்பு மாற்றம், பாதுகாப்புக்கான அடிப்படை எல்லாம் இவற்றிலேயே இருக்கின்றன, அல்லது ஒரு கட்டளையில் சேர்ந்துவிடுகின்றன. ஜாங்கோவோடு வரும் நிர்வாகப் பக்கம் ஒன்றே எங்களுக்கு மூன்று வார வேலையை மிச்சப்படுத்தியது.

இவற்றால் பெரிதாக வளர முடியாது என்று யாராவது சொன்னால் இன்ஸ்டாகிராமை நினைவூட்டுங்கள். 2012-இல் ஃபேஸ்புக் அதை வாங்கியபோது அங்கே 13 பேர்தான் வேலை பார்த்தார்கள். கோடிக்கணக்கான பயனர்கள் இருந்தார்கள். அடியில் ஓடியது ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும். கிட்ஹப்பும் ஷாப்பிஃபையும் ரெயில்ஸில் எழுந்தவை.

புதிதாக ஒன்றைக் கற்கும் ஆசை இருந்தால் ஒன்றே ஒன்றுக்கு இடம் கொடுங்கள். அதுவும் உங்கள் தயாரிப்பின் உயிர்நாடி எதுவோ அந்த இடத்தில் மட்டும். எங்கள் முதல் பதிப்பில் மொழி புதிது, தரவுத்தளம் புதிது, சர்வர் அமைப்பும் புதிது. ஒரு பிழை வந்தால் அது எந்தப் பக்கத்துப் பிழை என்று கண்டுபிடிப்பதற்கே அரை நாள் போய்விடும்.

முடிவு செய்யும் முன் ஆதரவுக் காலத்தைப் பாருங்கள். பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தம் வரும். போஸ்ட்கிரெஸுக்கும் அப்படியே. ஜாங்கோவின் நீண்டகாலப் பதிப்புக்கு மூன்றாண்டு. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் பல ஆண்டுகளாக இரட்டைப்படை எண் கொண்ட பதிப்புகளுக்கே நீண்ட ஆதரவு இருந்து வந்தது. வெளியானது புதிது என்பதற்காக நீண்ட ஆதரவு இல்லாத பதிப்பில் தயாரிப்பைக் கட்டாதீர்கள். நீங்கள் எடுக்கும் பதிப்பின் ஆதரவு எந்த மாதம் முடிகிறது என்பதை அந்த ஒரு பக்கத் தாளில் குறித்து வையுங்கள்.

3. தரவுத்தளம்: இங்கே மட்டும் நிதானம் வேண்டும்

மொழியைப் பிறகு மாற்றலாம். முகப்பை வருடத்துக்கு ஒரு முறைகூட மாற்றலாம். வாடிக்கையாளரின் தரவு உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு தரவுத்தளத்தை மாற்றுவது, குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டுகிற வேலை. அதனால் என் ஆலோசனை ஒன்றுதான்: தெளிவான எதிர்க்காரணம் இல்லாதவரை, தரவை ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளாக வைக்கும் அட்டவணை வகைத் தரவுத்தளம், அதிலும் போஸ்ட்கிரெஸ்.

நாங்கள் ஒவ்வொரு பதிவையும் தனி ஆவணமாக வைக்கும் ஆவண வகைத் தரவுத்தளத்தை எடுத்தோம். அமைப்பை முன்கூட்டியே வரையத் தேவையில்லை, வேகமாகத் தொடங்கலாம் என்பதுதான் காரணம். முதல் இரண்டு மாதம் உண்மையிலேயே வேகமாகத்தான் போனது. எங்கள் மென்பொருள் இயந்திரப் பராமரிப்பு நிறுவனங்களுக்கானது. தொழில்நுட்பர் ஒருவர் வாடிக்கையாளர் இடத்துக்குப் போகிறார், இயந்திரத்தைப் பழுது பார்க்கிறார், பதிவு செய்கிறார், பில் போடுகிறார். முதன்முதலில் காசு கட்டிய நிறுவனம் ஒரு சின்ன அறிக்கை கேட்டது: போன மாதம் எந்தத் தொழில்நுட்பர் எத்தனை இயந்திரம் பார்த்தார், அதில் எவ்வளவு வசூலானது?

தொழில்நுட்பர் ஓரிடத்தில், வேலைப்பதிவு ஓரிடத்தில், பில் ஓரிடத்தில் இருந்தன. மூன்றையும் இணைக்க நாங்களே நிரல் எழுதினோம், ஒன்பது நாள் ஆனது. அறிக்கை வந்ததும் அடுத்த சிக்கல் தெரிந்தது. ஒரே ஆள் இரண்டு பெயரில் இருந்தார். வேகத்துக்காகப் பெயரை ஒவ்வொரு வேலைப்பதிவுக்குள்ளும் நகல் வைத்திருந்தோம். அவர் பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்தியபோது பழைய பதிவுகள் அப்படியே நின்றுவிட்டன. போஸ்ட்கிரெஸில் எழுதிய இரண்டாம் பதிப்பில் இதே அறிக்கை பதினான்கு வரி வினவல். மதிய உணவுக்கு முன் முடிந்தது.

வடிவம் நிலையில்லாத தரவும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதற்குப் போஸ்ட்கிரெஸிலேயே, எந்த வடிவத் தரவையும் ஏற்கும் ஜேசன்பி வகைப் பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) இருக்கிறது. அந்த ஒரு பத்தியை மட்டும் தளர்வாக விட்டுவிட்டு மற்றதை ஒழுங்காக வையுங்கள்.

முதல் நாளே செய்துவிட வேண்டியவை சில உண்டு, பிற்பாடு செய்தால் வலிக்கும். பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக (ஃப்ளோட்) ஒருபோதும் சேமிக்காதீர்கள். கணினியில் அந்த வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். எங்கள் மாதாந்திர மொத்தம் வாடிக்கையாளரின் கணக்கோடு சில காசுகள் ஒத்துப்போகாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். தொகை சின்னது, ஆனால் கணக்காளர் நம்பிக்கையை இழந்தார். நாணயத்தின் மிகச்சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது தசமத்தைத் துல்லியமாக வைக்கும் நியூமரிக் வகையைப் பயன்படுத்துங்கள். நேரத்தை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸுக்குப் பதில் மைசீக்வல் எடுத்தால் எழுத்துத் தொகுதியாக யுடிஎஃப்8எம்பி4-ஐத் தேர்ந்தெடுங்கள். அங்கே பழைய யுடிஎஃப்8 என்பது ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் கொள்ளும். யாராவது ஒருவர் குறிப்பில் எமோஜி போட்ட அன்றே பதிவு தடைபடும். அமைப்பு மாற்றங்களை, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்து வைக்கும் ஃபிரேம்வொர்க்கின் மைக்ரேஷன் கோப்புகள் வழியாகவே செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் நேரடியாகக் கை வைத்தால் அடுத்த முறை அதை எப்படி உருவாக்கினோம் என்று யாருக்கும் தெரியாது.

4. ஒரே நிரல், ஒரே சர்வர்

நாங்கள் முதல் முறை தொடங்கியது இங்கேதான். இரண்டு பேர் எழுதும் நிரலை ஏழு மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் சிறு நிரல்களாகப் பிரித்து, பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ஏற்றினோம். மைக்ரோசர்வீஸ் என்பது, பல குழுக்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வேலை செய்வதற்கான ஏற்பாடு. இரண்டு பேருக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. ஒரு பெயர்ப் பத்தியைச் சேர்க்க மூன்று சர்வீஸ்களைத் திருத்தி, மூன்றையும் சரியான வரிசையில் ஏற்ற வேண்டியிருந்தது.

காசுக் கணக்கையும் பாருங்கள். அமேசான் கிளவுடில் நிர்வகிக்கப்பட்ட (பராமரிப்பை அவர்களே பார்த்துக்கொள்ளும்) குபெர்னெட்டிஸின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மட்டும் மணிக்கு 10 சென்ட், அதாவது மாதம் சுமார் 73 டாலர். தனி நெட்வொர்க்கில் சர்வர்களை வைத்தால் அவை வெளியே பேச நேட் கேட்வே வேண்டும். அமெரிக்கப் பகுதி விலையில் அதற்கு மணிக்கு நான்கரை சென்ட், மாதம் 32 டாலருக்கு மேல். சோதனைக்கு ஒன்று, உண்மையான பயனர்களுக்கு ஒன்று என இரண்டு சூழல் வைத்தால் மாதம் சுமார் 210 டாலர். இந்தக் கணக்கில் உங்கள் நிரல் ஓடும் சர்வரும் இல்லை, தரவுத்தளமும் இல்லை.

ஆரம்பத்தில் தேவைப்படுவது இவ்வளவுதான்: ஒரு நிரல், அது ஓட ஒரு சர்வர் அல்லது ஒரு நிர்வகிக்கப்பட்ட தளம், நிர்வகிக்கப்பட்ட தரவுத்தளம் ஒன்று, கோப்புகளுக்கு ஒரு சேமிப்பிடம். தரவுத்தளத்தை நீங்களே நிறுவிப் பராமரிக்கும் முயற்சி வேண்டாம். பேக்கப்பும் பாதுகாப்புத் திருத்தமும் தானாக நடப்பதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு தகும். நிரலுக்குள்ளே பில், வேலைப்பதிவு, பயனர் என்று கோப்புறைகளைத் தெளிவாகப் பிரித்து வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் ஒரு பகுதியை வெளியே எடுக்க வேண்டி வந்தாலும் எடுக்கலாம்.

5. இணையமா, செயலியா

கேமரா, இருப்பிடம், இணைப்பில்லாத இடத்தில் வேலை ஆகியவற்றில் ஒன்றாவது தயாரிப்பின் மையமாக இருந்தாலொழிய இணையத்தில் தொடங்குங்கள். காலையில் சொன்ன குறையை மாலையில் திருத்திக் கொடுக்கலாம். செயலி என்றால் ஒவ்வொரு திருத்தமும் மதிப்பாய்வைத் தாண்டி, பயனர் புதுப்பித்த பிறகே போய்ச் சேரும்.

செயலி கட்டாயம் என்றால் ஃபிளட்டரோ ரியாக்ட் நேட்டிவ்வோ எடுத்து ஒரே நிரலில் இரண்டு தளத்துக்கும் எழுதுங்கள். அதைவிட முக்கியம், கணக்கு திறக்கும் வேலையை இன்றே தொடங்குவது. ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுள் பிளேவுக்கு ஒரே முறை 25 டாலர். நிறுவனத்தின் பெயரில் திறக்க இரண்டுமே டன்ஸ் எண் (நிறுவனங்களை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எண்) கேட்கும். அதில் பதிவான பெயரும் முகவரியும் உங்கள் நிறுவனப் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்க வேண்டும். எங்களுக்கு முகவரியில் ஒரு சொல் மாறியிருந்ததால் இரண்டு வாரம் இழுத்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று கூகுளில் தனிநபர் கணக்கு திறந்தால் வேறு காத்திருப்பு வரும்: 2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் திறந்த தனிநபர் கணக்குகளில், 12 பேராவது 14 நாள் தொடர்ந்து சோதனையில் இருந்த பிறகே செயலியைப் பொதுவெளியில் விட விண்ணப்பிக்க முடியும். செயலிக்குள் சந்தா விற்பதாக இருந்தால் கடைகளின் கமிஷன் 30 சதவீதம் வரை போகலாம். விலை நிர்ணயிக்கும் முன் இதைக் கணக்கில் சேருங்கள்.

6. எதை எழுதுவது, எதை வாங்குவது

உங்கள் வாடிக்கையாளர் எதற்காகக் காசு தருகிறாரோ அதை நீங்கள் எழுதுங்கள். மற்றதை முடிந்தவரை வாங்குங்கள்.

அட்டைப் பணம்: அட்டை எண் உங்கள் சர்வரைத் தொடவே கூடாது. தொட்டால் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறையின் முழுச் சுமையும் உங்கள் தலையில் இறங்கும். பணத்தை வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வேயின் பக்கத்திலேயே பயனர் எண்ணை உள்ளிடட்டும். கேட்வேக்காரர்கள் பொதுவாகக் கேட்பவை: நிறுவனப் பதிவு, வங்கிக் கணக்கு ஆதாரம், இயக்குநர்களின் அடையாளம், இணையதளத்தில் வெளியான தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் விதி, தொடர்பு முகவரி. கடைசி மூன்றும் இணையதளத்தில் இல்லை என்பதற்காகவே எங்கள் விண்ணப்பம் ஒரு முறை திரும்பி வந்தது. நிரல் முடியட்டும் என்று காத்திருக்காமல் முதல் வாரமே விண்ணப்பியுங்கள்.

மின்னஞ்சல்: உங்கள் டொமைனுக்கு (இணைய முகவரிக்கு) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்துவிடுங்கள், மின்னஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்து வந்தது என்று காட்டுபவை இவை. மொத்தமாக அனுப்புபவர்களுக்கு (கூகுளின் கணக்கில் நாளைக்குச் சுமார் 5,000 அல்லது அதற்கு மேல்) 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதற்குக் குறைவாக அனுப்பினாலும் இவை இல்லாத மின்னஞ்சல் ஸ்பேமில் விழும் வாய்ப்பு அதிகம்.

குறுஞ்செய்தி: இது தமிழில் அனுப்புகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழிலோ எமோஜியிலோ ஒரே ஒரு குறி வந்துவிட்டால் முழுச் செய்திக்கும் 70 இடம்தான். நீண்ட செய்தியைத் துண்டு துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. அதிலும் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனி இடம் பிடிக்கும். 'வணக்கம்' என்பது நமக்கு ஐந்து எழுத்து, குறுஞ்செய்திக்கு ஏழு இடம். ஒரு செய்தி என்று நினைத்து அனுப்பியதற்கு மூன்று செய்தியின் காசு போகும். விலை கேட்கும்போது 'ஒரு செய்திக்கு' என்று கேட்காமல் 'ஒரு துண்டுக்கு' என்று கேளுங்கள்.

வாங்கும் சேவை நாளைக்கு மூடப்பட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பாருங்கள். பார்ஸ் என்ற பின்தளச் சேவையை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்து, ஓராண்டில் மூடியும் விட்டது. நிரல்களை ஓட்டித் தரும் ஹெரோக்குவின் இலவசத் திட்டம் 2022 நவம்பரில் நின்றது. நிற்காது என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் ஒவ்வொரு சேவையிலும் சேர்வதற்கு முன் தரவு முழுவதையும் பொதுவான வடிவத்தில் இறக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் சோதனைக் கணக்கில் ஒரு முறை இறக்கியே பாருங்கள். பொத்தான் இருப்பது வேறு, இறங்கிய கோப்பில் எல்லாம் இருப்பது வேறு.

7. பணம் எங்கே கரையும்

புதிய நிறுவனங்களுக்குப் பெரிய கிளவுட் நிறுவனங்கள் இலவசக் கடன்தொகை (கிரெடிட்: திருப்பிக் கட்ட வேண்டாம், பில்லில் கழியும்) தருகின்றன. அமேசானின் திட்டத்தில் முதலீட்டாளர் வழியாகப் போனால் ஒரு லட்சம் டாலர் வரைகூடக் கிடைக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அதற்குக் காலாவதி உண்டு. கடன்தொகை இருக்கிறதே என்று பெரிய சர்வர்களையும் அந்தக் கிளவுடில் மட்டுமே கிடைக்கும் சேவைகளையும் சேர்த்துக்கொண்டே போனால், அது தீரும் மாதத்தில் முழு பில்லும் உங்கள் வங்கிக் கணக்கைத் தேடி வரும். கடன்தொகை இல்லாவிட்டால் மாதம் எவ்வளவு ஆகும் என்ற தொகையையே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

வெளியே போகும் தரவுக்கும் காசு. அமேசானில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் அமெரிக்கப் பகுதிகளில் ஜிபிக்கு 9 சென்ட். ஐயாயிரம் பேர் ஆளுக்கு 200 எம்பி படம் பார்த்தால் 1,000 ஜிபி, அதாவது 81 டாலர். படங்களைச் சுருக்கிப் போட்டாலே இது பாதிக்கும் கீழே வந்துவிடும்.

எங்களைச் சாய்த்தது பதிவேடு, அதாவது லாக். ஒரு பிழையைத் தேட விரிவான லாக்கை இயக்கிவிட்டு அணைக்க மறந்துவிட்டோம். நாளைக்கு 40 ஜிபி எழுதியது. ஜிபிக்கு அரை டாலர் வீதம் தினம் 20 டாலர். 23 நாள் கழித்துத்தான் கவனித்தோம், 460 டாலர் போயிருந்தது. செலவு எச்சரிக்கை வைத்திருந்தோம்தான். அந்த மின்னஞ்சல், கணக்கு திறந்தபோது கொடுத்த, யாரும் திறக்காத முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. கணக்கு திறந்த நாளிலேயே மூன்று எச்சரிக்கை வையுங்கள்: எதிர்பார்க்கும் தொகையில் பாதிக்கு ஒன்று, முழுமைக்கு ஒன்று, இரண்டு மடங்குக்கு ஒன்று. குழுவில் எல்லோரும் தினமும் பார்க்கும் இடத்துக்கு அவை வர வேண்டும். எச்சரிக்கை தகவல்தான் சொல்லும், செலவைத் தானாக நிறுத்தாது என்பதையும் மறக்காதீர்கள்.

8. ஆவணங்கள்: யார் பெயரில் என்ன இருக்கிறது

ஸ்டாக் தேர்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். முதலீட்டாளரின் வழக்கறிஞர் கேட்கும்போது தொடர்பு புரியும்.

டொமைன், கிளவுட் கணக்கின் மூல உரிமை, நிரல் களஞ்சியம், செயலிக் கடைக் கணக்குகள் நான்கும் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எங்கள் டொமைனை ஒரு பகுதிநேர டெவலப்பர் அவசரத்துக்குத் தன் கணக்கில் வாங்கினார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அவர் வேறு வேலைக்குப் போன பிறகு புதுப்பிக்கும் தேதி வந்தது. அவரைத் தேடிப் பிடித்து, மாற்றிக்கொள்ள பத்தொன்பது நாள். அந்த நாட்களில் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. மூலக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, நிறுவனர்கள் இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும்.

வெளியாள் எழுதிய நிரலின் காப்புரிமை, காசு கொடுத்துவிட்டதாலேயே உங்களுடையதாகிவிடாது. பல நாடுகளில் எழுத்துப்பூர்வமாக மாற்றித் தந்தால்தான் அது நிறுவனத்துக்கு வரும். வேலை தொடங்கும் முன்பே கையொப்பம் வாங்குங்கள். நிறுவனர்களும் ஒருவருக்கொருவர் இதைச் செய்ய வேண்டும், நிறுவனம் பதிவாகும் முன் எழுதிய நிரலையும் சேர்த்து.

அடுத்தது, நீங்கள் சேர்க்கும் திறந்தமூல லைப்ரரிகளின், அதாவது பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களின் உரிமம். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 என்றால் அறிவிப்பை வைத்துக்கொண்டு கவலையில்லாமல் பயன்படுத்தலாம். ஜிபிஎல் என்றால், மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போது மூலநிரலையும் தர வேண்டும் என்ற நிபந்தனை வரும். ஏஜிபிஎல் இன்னும் ஒரு படி மேலே. அந்த நிரலைத் திருத்தி இணையத்தின் வழியாகப் பயன்படுத்தக் கொடுத்தாலே மூலநிரலைத் தரும் கடமை உண்டாகிறது. இணையத் தயாரிப்பு கட்டுகிறவர்கள் சேர்க்கும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. உரிமம் நடுவிலும் மாறும்: சர்வர்களை அமைக்கும் டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டிலும், தரவை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸ் 2024 மார்ச்சிலும் பழைய உரிமத்திலிருந்து விலகின. சேர்த்த லைப்ரரிகளின் பட்டியலையும் உரிமத்தையும் தானாக எடுக்கும் கருவி ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் உண்டு. மாதம் ஒரு முறை ஓட்டி, வரும் கோப்பைச் சேமித்து வையுங்கள்.

9. பத்து வேலை நாள் அட்டவணை

முதல் நாளில் அந்த ஒரு பக்கம். இரண்டாம் நாளில் டொமைன், கிளவுட், களஞ்சியம் ஆகிய கணக்குகளும், டன்ஸ் எண், பேமென்ட் கேட்வே விண்ணப்பங்களும். இவை உங்கள் கையில் இல்லாத காத்திருப்புகள், அதனால்தான் முன்னால் வருகின்றன.

மூன்றிலிருந்து ஆறாம் நாள் வரை, தேர்ந்தெடுத்த ஸ்டாக்கில் ஒரே ஒரு இழையை முழுதாகக் கட்டுங்கள். பயனர் உள்நுழைய வேண்டும், ஒரு பதிவு போட வேண்டும், அதை அறிக்கையில் பார்க்க வேண்டும், கோப்பாக இறக்க வேண்டும். அழகு எதுவும் வேண்டாம். இரண்டு ஸ்டாக்குகளுக்கு இடையே ஊசலாடினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் என்று இரண்டிலும் கட்டிப் பாருங்கள். ஒப்பீட்டுக் கட்டுரைகள் எத்தனை படித்தாலும் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும். நாலு நாளில் இந்த இழை முடியவில்லை என்றால் ஸ்டாக் உங்கள் குழுவுக்குப் பெரிது.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் அதை உண்மையான சர்வரில் ஏற்றுங்கள். ஒரே கட்டளையில் ஏறவும், ஏறியது கெட்டால் ஒரே கட்டளையில் முந்தைய பதிப்புக்குத் திரும்பவும் முடிய வேண்டும்.

ஒன்பதாம் நாள் பேக்கப். எடுப்பது எளிது, அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது திரும்ப ஏற்றிப் பார்ப்பது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல் களஞ்சியச் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்புக்கென்று வைத்திருந்த வழிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியில் தற்செயலாக முன்னதாக எடுத்திருந்த நகலிலிருந்து மீட்டார்கள், ஆறு மணி நேரத் தரவு போனது. நடந்ததை முழுதாக அவர்களே வெளியிட்டதால்தான் நமக்குத் தெரியும். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே புதிய காலியான தரவுத்தளத்தில் பேக்கப்பை ஏற்றுங்கள், பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், எத்தனை நிமிடம் ஆனது என்று தாளில் எழுதுங்கள். எங்களுக்கு முதல் முறை மூன்று மணி நேரம் ஆனது. கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடியதிலேயே ஒரு மணி நேரம் போனது.

பத்தாம் நாள் அந்தத் தாளின் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள்: இந்த ஸ்டாக்கில் எதை எப்போது மாற்றுவோம். அளந்து பார்க்க முடிகிறதாக இருக்கட்டும். எங்கள் தாளில் இருப்பது இது: அறிக்கைப் பக்கம் இரண்டு விநாடிக்கு மேல் எடுத்தால் முதலில் இண்டெக்ஸ் (தரவுத்தளம் வேகமாகத் தேட உதவும் அட்டவணைக் குறிப்பு), பிறகு பெரிய தரவுத்தள சர்வர், அதற்குப் பிறகே வேறு யோசனை. நிரல் எழுதுபவர்கள் எட்டுப் பேரைத் தாண்டினால் பிரிப்பது பற்றிப் பேசுவோம். தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். தாள் களஞ்சியத்தின் முதல் கோப்பாக இருக்கிறது, புதிதாகச் சேர்கிறவர் முதலில் படிப்பதும் அதைத்தான்.